கதிரை எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சொல் விளக்கப் பகுதியில் 'நாற்காலி' பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். அதில் மூன்று செய்திகள் உறுதியாகச் சொல்லப்பட்டிருந்தன. இலங்கைத் தமிழர் சொல்லும் 'கதிரை', 'கதிர்' என்பதிலிருந்து பிறந்த தனித்தமிழ்ச் சொல் என்பது முதலாவது. 'நாற்காலி', ஆங்கிலச் 'சேர்' என்பதன் மொழிபெயர்ப்பு என்பது இரண்டாவது. தேநீர்க் கோப்பை வைக்கிற மேசை என்பதால் 'டீப்பாய்' என்று பெயர் வந்தது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. மாணவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளும் பகுதி அது. ஒட்டியது பிறகு தேர்வுத் தாளுக்கும் மேடைப் பேச்சுக்கும் போய்விடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதிரை. ஒரு சொல் தமிழிலேயே பிறந்ததா என்று பார்க்க அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிரித்த பகுதிக்கும் பொருளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கதிர் என்றால் ஒளி. நெல்லில் முற்றி வளையும் கதிர். நூல் நூற்கிற கதிர். இந்த மூன்றில் எதுவும் உட்காருகிற பொருளோடு ஒட்டவில்லை. முதுகுச் சட்டங்கள் கதிர்போல் விரிந்திருப்பதால் அந்தப் பெயர் என்று குறிப்பு சொல்கிறது. முதுகுச் சட்டமே இல்லாமல், வெறும் பலகையும் பிரம்புப் பின்னலுமாக இருப்பதையும் யாழ்ப்பாணத்தில் கதிரை என்றுதானே சொல்கிறார்கள்? பொருளைப் பார்க்காமல் ஓசையை மட்டும் வைத்துக் கதை கட்டினால் இப்படித்தான் ஆகும்.

'கதிரைவேலன்', 'கதிரைவேற்பிள்ளை' என்ற பெயர்கள் பழையவை, ஆகவே கதிரையும் பழைய தமிழ்ச் சொல் என்ற வாதம்தான் குறிப்பில் வலுவானதாகத் தோன்றும். அங்கே இருப்பது வேறு கதிரை. அது இலங்கையில் முருகன் கோயில் உள்ள கதிர்காமத்தைக் குறிக்கும் ஊர்ப்பெயர். கதிர்காம மலையைக் கதிரைமலை என்பார்கள். அங்கே உறையும் முருகன் கதிரைவேலன். திருப்புகழில் கதிர்காமத்துப் பாடல்கள் உண்டு. அருணகிரிநாதர் காலம் பதினைந்தாம் நூற்றாண்டு, இருக்கையின் பெயரைக் கொண்டுவந்த போர்ச்சுகீசியர் இலங்கைக்கு வந்தது 1505-இல். ஆக ஊர்ப்பெயர் பழையது, இருக்கையின் பெயர் பிறகு வந்தது. இரண்டும் எழுத்தில் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான். ஒரே எழுத்துக்கூட்டில் இரு வேறு சொற்கள் நிற்பது தமிழில் புதிதல்ல. அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பதிவாக எண் போட்டுப் பிரித்துத் தருவது இதற்காகத்தான்.

இருக்கையைக் குறிக்கும் கதிரை போர்ச்சுகீசியச் சொல். அந்த மொழியில் அதை ஏறக்குறைய 'கதெய்ரா' என்று சொல்வார்கள். அது கதிரை ஆனது எப்படி என்று எழுத்தெழுத்தாகக் காட்ட முடியும். போர்ச்சுகீசியர் உயிரொலிகளுக்கு நடுவில் சொல்லும் மென்மையான தகரமும், நாம் 'அது', 'கதை' என்னும்போது சொல்லும் தகரமும் மிக நெருக்கமானவை. அதனால் அந்த எழுத்து மாறாமல் நின்றது. நடுவில் இருந்த 'எய்' சுருங்கி 'இ' ஆயிற்று. கடைசியில் வரும் ஆகாரம் ஐகாரம் ஆவது தமிழின் பழைய வழக்கம். மாலா மாலையாகவும், சபா சபையாகவும், கதா கதையாகவும் ஆனது அப்படித்தான்.

ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அதே மாற்றம் கூட வந்த சொற்களிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது. போர்ச்சுகீசிய 'மேசா' நமக்கு மேசை. (அந்த மொழியில் இரு உயிர்களுக்கு நடுவில் வரும் சகரத்தை அழுத்தி, ஜகரத்துக்குப் பக்கத்தில் ஒலிப்பார்கள். 'மேஜை' என்று எழுதுகிறவர்கள் அந்த ஒலியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். மேசையைச் சமஸ்கிருதத்தோடு சேர்க்க எந்த அடிப்படையும் இல்லை.) 'ஜனெலா' தமிழ்நாட்டில் ஜன்னல், இலங்கையில் யன்னல். 'சாவே' சாவி. 'பாங்கோ' என்ற நீள இருக்கை யாழ்ப்பாணத்தில் வாங்கு. கடப்பாரையைக் குறிக்கும் 'அலவாங்கா' அங்கே அலவாங்கு. மேசையும் வாங்கும் கதிரையும் யன்னலும் சாவியும் ஒரே வீட்டுக்குள் இருப்பவை. ஒரு புதுவகை வீடு வந்தபோது அதற்குள் இருந்த பொருள்களின் பெயர்களும் சேர்ந்தே வந்தன. தளவாடச் சொல்லின் மூலம் தேடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்க்கத் தவறினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே ஒரு கற்பனை தேவைப்படும்.

காலமும் இடமும் பொருந்துகின்றனவா என்பது அடுத்த சோதனை. யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்ச்சுகீசியரின் நேரடி ஆட்சிக்குள் போனது. 1658-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையைப் பிடிக்கும்வரை அவர்கள்தான் ஆண்டார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிடி தூத்துக்குடி, நாகப்பட்டினம், மயிலாப்பூர் போன்ற கரையோரங்களோடு நின்றுவிட்டது. கதிரை யாழ்ப்பாணத்தில் அன்றாடச் சொல்லாகி இங்கே ஆகாததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. ஒல்லாந்தரும் தம் பங்குக்குச் சொற்களை விட்டுப்போனார்கள். மேசையின் இழுப்பறையை இலங்கையில் லாச்சி என்பது டச்சுச் சொல். அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அப்படியே.

சிங்களத்திலிருந்து கதிரை வந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. சிங்களத்தில் மேசை 'மேசய', அலமாரி 'அல்மாரிய', வாங்கு 'பங்குவ', லாச்சி 'லாச்சுவ'. ஆனால் கதிரைக்கு அவர்கள் சொல்வது 'புட்டுவ'. மற்றத் தளவாடங்களுக்கு அயற்சொல்லை ஏற்ற சிங்களம் இதற்கு மட்டும் வேறு சொல்லை வைத்துக்கொண்டது. தமிழ்தான் கதிரையை நேராக வாங்கியது. மலையாளத்தில் இதே சொல் 'கசேர' என்று வழங்குகிறது. அங்கே தகரம் சகரமாக மாறினாலும் நடு உயிர் நெடிலாக நின்றது. இரண்டு கரைகளிலும் ஒரே சொல் இரண்டு வடிவில் கிடைப்பது, அது கடல்வழி வந்தது என்பதற்கு நல்ல சான்று.

போர்ச்சுகீசியர் அதை லத்தீனிலிருந்தும், லத்தீன் அதைக் கிரேக்கத்திலிருந்தும் பெற்றன. கிரேக்கத்தில் 'கதெத்ரா'. 'கதா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் அமரும் இடம். இறங்கி அமர்கிற இடம் என்பது முழுப்பொருள். ஆசிரியர் அமர்ந்து கற்பிக்கும் இருக்கைக்கும், பிறகு கிறித்தவ ஆயர் அமரும் இருக்கைக்கும் இந்தச் சொல் நிலைத்தது. ஆயரின் அந்த இருக்கை உள்ள கோயில்தான் கதீட்ரல். சென்னைச் சாந்தோம் பேராலயத்தைக் கதீட்ரல் என்பது அதனால். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஆங்கிலத்தில் 'சேர்' என்பதும் அதே வழியில் வந்தது. ஹார்வர்டு தமிழ் இருக்கை என்று நாம் சொல்லும்போது அந்தப் பொருளைத்தான் மொழிபெயர்த்திருக்கிறோம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. ஆங்கிலச் 'சேர்' என்ற சொல்லும் அதே கதெத்ராவின் பிள்ளை. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போனபோது நடுவிலிருந்த தகரம் தேய்ந்து மறைந்தது, முதல் ககரம் சகரமானது. அந்தச் சுருங்கிய வடிவத்தை ஆங்கிலேயர் எடுத்துச் 'சேர்' ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களே பின்னாளில் அதில் ஒரு கிளையை 'ஷேஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே சென்னையில் ஒருவர் 'சேர் போடுங்க' என்பதும் யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'கதிரை போடுங்கோ' என்பதும் ஒரே கிரேக்கச் சொல்லின் இரு வடிவங்கள்தாம். கதிரை கடல்வழி நேராக வந்தது, சேர் பாரிசையும் லண்டனையும் சுற்றி வந்தது. இரண்டில் கதிரைதான் மூல வடிவத்துக்கு அருகில் நிற்கிறது. கதிரை என்பதைக் கொச்சை என்று நினைத்துத் திருத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹெத்ராவின் வேர், சமஸ்கிருதத்தில் 'சத்' என்று உட்காருவதைக் குறிக்கும் வேரோடு உறவுடையது. உபநிடதம் என்பதில் இருப்பது அதுவே: அருகே கீழே அமர்தல். கிரேக்கத்தில் முதல் சகரம் ஹகரமாகும். சமஸ்கிருத 'சப்த' அங்கே 'ஹெப்தா'. இதைப் படித்துவிட்டுக் கிரேக்கர் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இரண்டும் ஒரு பழைய தாய்மொழியின் பிள்ளைகள், ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கவில்லை. 'ஆசனம்' என்பதையும் இதில் சேர்க்கக்கூடாது, அதன் வேர் வேறு.

தெலுங்கு, கன்னடத்தில் வழங்கும் 'குர்ச்சி', இந்தியின் 'குர்சி', மலாயின் 'கெருசி' ஆகியவை இன்னொரு குடும்பம். அரபியில் 'குர்ஸீ'. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 255-ஆம் வசனத்தை ஆயத்துல் குர்ஸி என்று தமிழ் முஸ்லிம்கள் சிறுவயதிலேயே ஓதப் பழகுகிறார்களே, அதில் வருவது இந்தச் சொல்தான். அரபிக்கு முன் அரமேய மொழி, அதற்கு முன் அக்காடியம், அதற்கும் முன் சுமேரியம் என்று அதன் வழி மெசபொத்தாமியாவரை போகிறது. தென்னிந்திய மொழிகளில் இருக்கைக்கு இப்படி அரபு வழியும் போர்ச்சுகீசிய வழியும் குறுக்கிட்டிருக்க, தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் சொந்தமாக ஒரு சொல்லைக் கட்டி எழுத்து வழக்கில் நிறுத்திக்கொண்டது. அதுதான் நாற்காலி.

நாற்காலி எந்த மொழிபெயர்ப்பும் இல்லை. 'சேர்' என்பதில் நான்கும் இல்லை, காலும் இல்லை. அதை மொழிபெயர்த்தால் 'இருக்கை' என்றுதான் வந்திருக்கும். நான்கு என்பது 'நால்' ஆகி, கால் என்பதோடு உடைமையைக் காட்டும் இகரம் சேர்ந்து 'காலி' ஆகி, இரண்டும் புணர்ந்தது நாற்காலி. நெட்டைக்காலி என்ற பறவையின் பெயரிலும், பள்ளி விலங்கியலில் வரும் கணுக்காலிகளிலும் இருப்பது அதே இகரம்.

எழுத்துப்பிழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குறிப்பிலேயே ஓரிடத்தில் 'நார்க்காலி' என்றும் இன்னோரிடத்தில் 'நாற்க்காலி' என்றும் அச்சாகியிருந்தது. முன்னது காதில் விழும் ஓசையை நம்பி எழுதுவதால் வருகிறது. நிலைமொழி 'நால்' என்பதை நினைவில் வைத்தால் பிழை வராது. வல்லினம் வரும்போது லகர மெய் றகர மெய்யாகும்: கல் + சிலை கற்சிலை, பல் + பொடி பற்பொடி, நால் + பது நாற்பது. பின்னது, வலி மிகும் என்று எண்ணிக் கூடுதலாக ஒரு 'க்' போடுவதால் வருகிறது. றகர மெய்யே வல்லினம். அதன் பின் இன்னொரு வல்லின மெய் வராது. நாற்பதை யாரும் 'நாற்ப்பது' என்று எழுதுவதில்லை. முக்காலியில் ககர மெய் வருகிறதே என்றால், அங்கே மூன்று என்பது 'மு' என்ற ஒற்றைக் குறிலாகச் சுருங்கியிருக்கிறது. அதன் பின் வலி மிகும்: முக்கனி, முத்தமிழ், முப்பது.

காலை எண்ணி ஏன் பெயர் வைத்தார்கள் என்பது செய்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் புரியும். தச்சருக்கு முதல் முடிவே அதுதான். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். மண்தரைக்கும் சாணம் மெழுகிய மேடுபள்ளத்துக்கும் முக்காலிதான் சரி. ஆனால் அது எளிதில் சாயும். கால்கள் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஊன்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியிலிருந்து இரு கால்களை இணைக்கும் கோட்டுக்கு உள்ள தூரம் மூன்று காலில் 10 செ.மீ., நான்கு காலில் சுமார் 14, ஐந்து காலில் சுமார் 16. உட்கார்ந்திருப்பவரின் பாரம் அந்தக் கோட்டைத் தாண்டினால் இருக்கை கவிழும். முதுகு சாய்த்து உட்கார வேண்டுமானால் நான்கு கால் தேவை. அலுவலகச் சுழல் நாற்காலிக்கு அடியில் ஐந்து உருளைகள் வைப்பதும் இந்தக் கணக்கால்தான்.

நான்காவது கால் வந்ததும் ஆட்டமும் வந்துவிடும். ஒரு கால் சற்றுக் குட்டையானாலும் எதிரெதிர்க் கால் இரண்டின் மேல் இருக்கை ஊசலாடும். நீளமாகத் தெரியும் காலைக் கண்ணளவில் அறுத்தால் அடுத்த கால் நீளமாகிவிடும். அறுத்து அறுத்து உயரம்தான் குறையும். விவரம் தெரிந்தவர்கள் சமமான கடப்பைக் கல் மேல் நிறுத்தி, தூக்கிக்கொண்டிருக்கும் காலுக்கு அடியில் மெல்லிய மரச்சில்லுகளை ஆட்டம் நிற்கும்வரை சேர்ப்பார்கள். பிறகு அந்தச் சில்லுகளின் தடிப்பை மற்ற மூன்று கால்களின் அடியிலும் குறித்து, அந்த அளவு மட்டும் அறுத்தெடுப்பார்கள். கால்தான் இத்தனை கவலைக்கும் காரணம் என்றால், பெயரும் காலிலிருந்தே வந்ததில் வியப்பென்ன?

மற்ற மொழிகளும் இப்படியே செய்திருக்கின்றன. இந்தியில் கயிற்றுக்கட்டிலை 'சார்பாய்' என்பார்கள். சார் என்றால் நான்கு, பாய் என்றால் கால். சொல்லுக்குச் சொல் நாற்காலி. ஆனால் அவர்களுக்கு அது படுக்கிற பொருள். கிரேக்கத்தில் மேசைக்கு 'த்ரபெஜா', அதுவும் நாலுகாலி என்று பொருள்படுவதே. ஒரே சொற்கட்டு ஓரிடத்தில் கட்டில், ஓரிடத்தில் மேசை, நம்மிடம் இருக்கை. காரணப்பெயரில் காரணம் மட்டும் தெரிந்தால் போதாது, அது எந்தப் பொருளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை வழக்குத்தான் முடிவு செய்யும்.

'டீப்பாய்' இதே வரிசையில் வருவது. இந்தியின் 'திபாய்' என்றால் மூன்று கால். அதாவது நம் முக்காலியேதான். ஆங்கிலேயர் அந்தச் சிறுமேசையில் தேநீர் வைத்துக் குடித்தார்கள், 'தி' என்ற ஓசை அவர்கள் காதில் தேநீராகக் கேட்டது, எழுத்துக்கூட்டையும் அப்படியே மாற்றிவிட்டார்கள். தேநீரால் சொல் பிறக்கவில்லை, எழுத்துத்தான் மாறியது. இன்று கடையில் விற்கும் டீப்பாய் பெரும்பாலும் நாலு காலோடு இருக்கிறது. நாம் விரித்துப் படுக்கும் பாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

தமிழின் பழமையைக் காட்ட ஒரு தளவாடச் சொல் வேண்டுமென்றால் 'கட்டில்' இருக்கிறது. பழந்தமிழில் கட்டில் படுக்கைக்கு மட்டும் உரியதல்ல. பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர்விட்டது அரசுகட்டிலில். மோசிகீரனார் அறியாமல் ஏறித் துயின்றது முரசுகட்டிலில். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்குக் கவரி வீசிய செய்தி புறநானூற்றின் 50-ஆம் பாட்டில் இருக்கிறது. முரசு வைக்கவும் அரசர் அமரவும் பயன்பட்ட மேடான இருக்கை எல்லாமே கட்டில். ஆங்கிலக் 'காட்' இந்தியின் 'காட்' என்பதிலிருந்து போனது. இந்திச் சொல்லுக்கு மூலமான சமஸ்கிருதக் 'கட்வா' திராவிட மொழியிலிருந்து ஏறியது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. தமிழிலிருந்து வெளியே போன வழியைக் காட்ட இது போதும். கதிரையைக் கதிரோடு கட்ட வேண்டிய தேவை இல்லை.

திருத்தத்தைக் குறிப்பு வந்த அதே பகுதியில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டுகிறேன். உள்பக்க மூலையில் இரண்டு வரி போட்டால் ஒட்டி வைத்த மாணவர் கண்ணில் படாது.

அடுத்த வாரம் 'அலமாரி', அதற்கடுத்து 'பீரோ' என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலமாரியைச் சுழற்சி என்று பொருள்படும் 'அலமரல்' என்ற உரிச்சொல்லோடு சேர்க்க வேண்டாம். அது போர்ச்சுகீசிய 'அர்மாரியோ'; அந்த மொழியிலேயே 'அல்மாரியோ' என்ற வடிவமும் இருந்ததால் நம் லகரம் நாம் உண்டாக்கிய திரிபு அல்ல. மூலம் லத்தீன் 'அர்மாரியம்'. ஆயுதத்தையும் கருவியையும் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது, பிறகு துணியும் புத்தகமும் வைக்கும் பெட்டிக்கும் ஆயிற்று. இலங்கையில் 'அலுமாரி' என்று எழுதுவதைப் பிழை என்று குறிக்காதீர்கள், அங்கே அதுவே வழக்கு. பீரோ பிரெஞ்சுச் சொல். எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் மேசைக்கு ஆகி, மேசையிலிருந்து அலுவலகத்துக்கு ஆகி, ஆங்கிலத்தில் இழுப்பறை வைத்த தளவாடத்துக்கும் ஆகி, தமிழ்நாட்டில் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில் வந்து நின்றது. துணிக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் படிகளை விட்டுவிட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், அவற்றை வரிசையாகத் தரவும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர், தூத்துக்குடி